மூன்றாவது பூச்சு

காரைத் தூக்கும்போது கூரையைப் பிடிக்காதீர்கள், மேடம். அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குங்கள். மேலே பிடித்தால் ரேகை விழும். அதை எடுக்க ஒரு மணி நேரம் மெருகு போட வேண்டும். உங்களுக்கு முன்னால் இங்கே உட்கார்ந்திருந்த காவலர் அதைப் பொம்மை என்றார். "இந்தப் பொம்மைக்கா சார் இத்தனையும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மூடி போடாத பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிற ஒருவருக்கு விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்குகிறீர்கள்.

நிஜக் காரில் இருபத்துநான்கு அங்குலம் இருப்பது இதில் ஓர் அங்குலம். எல்லாமே அந்தக் கணக்குத்தான், கதவுக் கைப்பிடி முதல் சக்கரத்தின் திருகாணி வரை. கடையில் பெட்டியாக வாங்கும்போது அது வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். கையில் பசையும் வீட்டில் பொழுதும் இருக்கிற யாரும் ஒட்டிவிடலாம். பெரும்பாலோர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நான் திருத்துகிறவன். இந்தக் கார் பெட்டியில் வந்தபோது நான்கு கதவுகளும் உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தன, திறக்காது. நான்கையும் ஊசிமுனையால் கீறிக் கீறி அறுத்தெடுத்தேன். கதவுக்கு ஒன்பது நாள். கீல்களைப் பித்தளைக் கம்பியில் வளைத்தேன். எஞ்சினுக்குள் தலைமுடி கனத்தில் கம்பி இழுத்தேன். பின்சீட்டின் தையலைக்கூட ஊசியால் குத்திக் குத்திக் கொண்டுவந்தேன். இரண்டு வருடம் நான்கு மாதம்.

இப்போது முன்கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது, மூச்சு பட்டது போல. துடைத்துப் பார்க்காதீர்கள், போகாது. உடனடிப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி பிளாஸ்டிக் இப்படித்தான் ஆகும். இந்த வேலையில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. என் தங்கையின் கணவருக்கு அதை நான் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன்.

என்னைப் பற்றியும் எழுதிக்கொள்ள வேண்டுமே. நான் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செய்து கொடுப்பேன். இருபத்தாறு வருடமாக ஊரார் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோணல், பொக்கை, கறை. இறைவன் கொடுத்த முப்பத்திரண்டைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள். நான் செய்து கொடுத்தால், "கொஞ்சம் உறுத்துது சார்" என்று திருப்பி அனுப்புவார்கள். உறுத்துவது அவர்களுடைய ஈறு. என் பல்லில் ஒரு குறையும் இருக்காது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டின் மாடியில் இருந்தேன். கீழ்த்தளம் காலியாகக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கையும் அவள் கணவரும் அங்கே குடிவந்தார்கள். குழந்தைகள் இல்லை. மாப்பிள்ளை பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். அகலமான ஆள். விரல் ஒவ்வொன்றும் அவர் சுடுகிற பன் மாதிரி. முன்கையெல்லாம் அடுப்புத் தட்டு சுட்ட தழும்பு. விடிகாலையில் போய் மதியம் வீட்டுக்கு வருவார். வரும்போதே தெருமுனையிலிருந்து ஆளாளுக்கு ஒரு விசாரிப்பு, ஒரு சிரிப்பு. எதிர்வீட்டு நாய்க்குக்கூட ஒரு ரொட்டித் துண்டு. அப்படிப்பட்டவர்களை உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறது. ஏனென்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

வந்த இரண்டாம் வாரமே மாடிக்கு ஏறி வந்துவிட்டார். கையில் துணி மூடிய தட்டில் சூடான பன்.

"மச்சான், உள்ள வரலாமா? கைய கழுவிட்டுத்தான் வந்தேன்."

வந்தார். பார்த்தார். என் அலமாரியில் அப்போது முப்பத்தொரு கார்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "அடேயப்பா" என்றார். முப்பத்தொரு அடேயப்பா. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் எல்லாவற்றுக்கும் ஒரே அடேயப்பா போடமாட்டார்.

"எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க மச்சான். ஞாயித்துக்கிழமை சும்மாதானே கெடக்குறேன்."

மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வருவார். அறையின் மறுகோடியில் ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்கும் முன்பு கண்ணை மூடி அரை நிமிடம் கைகூப்புவார். பிளாஸ்டிக் காருக்குப் பிரார்த்தனை. "நல்லபடியா வரணும்ல மச்சான்" என்பார். நல்லபடியாக ஒன்றும் வரவில்லை. சாயத்தைக் கேக்குக்குக் கிரீம் தடவுவது போல அப்பினார். சக்கரத்தை முன்பின் மாற்றி ஒட்டினார். ஒரு காரில் ஓட்டுநர் இருக்கையைத் திருப்பி வைத்துவிட்டு, "பரவால்ல, இவரு ரிவர்ஸ்லயே போவாரு" என்று அவரே விழுந்து விழுந்து சிரித்தார். என் தங்கை கீழிருந்து, "என்ன அங்க கூத்து?" என்று கேட்டுக்கொண்டே ஏறிவந்து அவளும் சிரித்தாள். அந்த அறையில் அதற்கு முன் யாரும் சிரித்ததில்லை. எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

நடுவில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். அவர்தான் வேலைக்குப் போய்வந்து கஞ்சி வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, கரண்டியால் ஊட்டினார். அறை முழுக்க மாவு வாடை. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். மறுநாளிலிருந்து குளித்துவிட்டு வந்து ஊட்டினார். எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் எனக்குக் கெடுதல் நினைத்தார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கெடுதல் நினைக்கும் அளவுக்கு அவருக்குக் கவனம் கிடையாது.

எங்கள் ஊரில் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நூலகக் கூடத்தில் கண்காட்சி, இரண்டு நாள். முதல் நாள் காரை வைத்துவிட வேண்டும். இரண்டாம் நாள் காலை நடுவர் வந்து பார்ப்பார். சங்கத் தலைவர்தான் நடுவர். கடிகாரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற கிழவர். என் காரை அவர் முன்கூட்டியே பார்த்திருந்தார். "இந்த வருஷம் வேற யாரும் வர வேண்டியதே இல்ல போலிருக்கே" என்று சொல்லியிருந்தார். அதை எல்லோரும் கேட்டார்கள்.

மாப்பிள்ளை என்னோடு வந்தார். பெட்டி தூக்க ஆள் வேண்டும் அல்லவா. காரை மேசையில் வைத்துவிட்டுப் பெயர் பதிய நான் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"மச்சான், பயந்துராதீங்க. பஸ்ஸு குலுக்குனதுல, பின்னாடி பார்க்குற இந்தப் பக்கக் கண்ணாடி கழண்டு கீழ விழுந்துருச்சு. நல்லவேளை நான் பார்த்தேன். ஒட்டிட்டேன். நேரா இருக்கா பாருங்க."

"எதை வெச்சு ஒட்டினீங்க?"

"உங்க டப்பால இருந்த பசைதான்."

என் டப்பாவில் இரண்டு பசை உண்டு. கண்ணாடிக்குப் பக்கத்தில் போடக்கூடிய வெள்ளைப் பசை ஒன்று. போடவே கூடாத உடனடிப் பசை ஒன்று. எது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன, அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கவா போகிறது?

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே இரண்டு வருடம் நான்கு மாதம் செய்த எதுவும் தெரியவில்லை. கிழவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "ப்ச்" என்றார். அவ்வளவுதான். முதல் பரிசு ஒரு சரக்கு வண்டிக்குப் போயிற்று. பின்னால் ஒரு களிமண் நாய் உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் நாயைப் பார்த்து உருகினார்கள். அந்த நாய் அளவுப்படி பார்த்தால் ஒரு கன்றுக்குட்டி உயரம்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது தாண்டிய ஆள், தெருவில் நின்று அழுதார்.

"என்னாலதான் மச்சான். அதே மாதிரி ஒண்ணு நான் செஞ்சு தர்றேன். எத்தனை நாளானாலும் சரி."

அந்த இடத்தில்தான், மேடம். காரணத்தை வேறு எங்கேயும் தேடாதீர்கள். கண்ணாடியைக் கெடுத்ததற்குக்கூட நான் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். அதே மாதிரி ஒன்று செய்து தருகிறாராம். கருகிய ரொட்டிக்குப் பதில் வேறொரு ரொட்டி கொடுப்பது போல. என் இரண்டு வருடத்தை அந்தப் பன் விரல்கள் திரும்பச் செய்துவிடும் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, செய்யுங்கள் என்றேன்.

சும்மா சொல்லக்கூடாது, உழைத்தார். அதே காரைத் தேடி வாங்கி வந்தார். கதவுகளை அறுத்தார், இரண்டு உடைந்தன, ஒட்டினார். ஐந்து மாதத்தில் உடல் தயாரானது. கறுப்புச் சாயம் அடித்தாயிற்று. பிறகு வந்து நின்றார்.

"மச்சான், உங்க கார்ல மூஞ்சி பார்க்கலாம் போல மின்னுதே. அது எப்படி? நான் எவ்வளவு தேச்சாலும் செத்துப்போன மாதிரி இருக்கு."

அது சாயத்தில் வருவதில்லை. அதற்கு மேலே அடிக்கிற நிறமற்ற பூச்சில் வருவது. நிஜக் கார்களுக்கு அடிக்கிற பூச்சுத்தான். இரண்டு திரவம், ஒன்று பூச்சு, மற்றது அதை இறுக வைப்பது. இரண்டையும் கலந்து சாயம் பீய்ச்சுகிற காற்றுத் துப்பாக்கியில் ஊற்றி மூன்று தடவை அடிக்க வேண்டும். முதல் பூச்சு புகை மாதிரி. இரண்டாவது கொஞ்சம் கனமாக. மூன்றாவது ஈரமாக, தாராளமாக. மூன்றாவதில்தான் கண்ணாடி பிறக்கும்.

இறுக வைக்கும் திரவத்தின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. நான் அதை வாங்குவது கார்களுக்குச் சாயம் அடிக்கும் ஒரு கூடத்தில். அங்கே இருக்கிற பெயின்டர் ஒவ்வொரு தடவையும் அதே பாட்டைப் பாடுவார். "மாஸ்க் இல்லாம தொடாதீங்க சார். என்கூட வேலை பார்த்த ஒருத்தன், மலை மாதிரி இருப்பான். சட்டை பண்ணாம அடிச்சிட்டிருந்தான். ஒருநாள் உடம்பு ஏத்துக்கல. இப்ப ரெண்டு படி ஏறுனா உக்காந்துர்றான். ஒருதடவை ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் ஒரு துளிகூட ஆகாது." டப்பாவிலும் எழுதியிருக்கிறது, சின்ன எழுத்தில் பத்து வரி. நான் பத்தையும் படித்தவன். எதையும் முழுக்கப் படிப்பேன்.

மாப்பிள்ளைக்கு நான் அதை இரண்டு சின்ன பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு என்று எண் எழுதி ஒட்டினேன். பெரிய டப்பாவிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். நீங்கள் சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார்க்கலாம்.

சாயம் அடிக்க என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. பின்னால் விசிறி வைத்து, ஆவியைக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடும். அதில் அவர் அடித்தால் பெட்டியெல்லாம் அப்பிவைப்பார். ஆகவே அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து அவர் மேசையில் வைத்தேன். அவர் பக்கத்து ஜன்னலை மூடச் சொன்னேன். தெருப் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அது உண்மை.

அப்புறம் முகக்கவசம். நாங்கள் போடுவது ரப்பரில் செய்தது, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி இருக்கும். உள்ளே கரி. ஆவியை அந்தக் கரி பிடித்துக்கொள்ளும். கொஞ்ச காலம்தான். பிறகு கரி நிறைந்துவிடும். பார்வைக்குப் புதியது போலவே இருக்கும், ஆனால் ஆவி அப்படியே உள்ளே வரும். நான் ஒவ்வொரு வடிகட்டிக்கும் எண் போட்டு, உபயோகித்த மணி நேரத்தைக் குறித்து, காலம் முடிந்ததும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவேன். டப்பாவின் மேல் 'முடிந்தவை' என்று எழுதியிருக்கும். ஏன் தூக்கி எறிவதில்லை என்று கேட்பீர்கள். வரிசை கெடும்.

அந்த டப்பாவிலிருந்து பதினொன்றையும் பன்னிரண்டையும் எடுத்து, என் பழைய முகக்கவசத்தில் மாட்டி, துடைத்துக் கொடுத்தேன்.

"புதுசா மச்சான்?"

"நான் போட்டுக்கிட்டிருந்ததுதான்."

"அய்யய்யோ, அப்ப உங்களுக்கு?"

"எனக்கு வேற இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே போய் மனைவியிடம், "மச்சான் தன்னோட மாஸ்க்கையே கழட்டிக் குடுத்துட்டாரு பாரு" என்று சொன்னது மாடிவரை கேட்டது.

முதல் ஞாயிறு ஒன்றும் இல்லை. பூச்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. இது கண்ணாடி இல்லை, தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு வழிந்து நின்றது. அதையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் காரை என் முன்னால் நீட்டுவார்; நான் விளக்கடியில் பிடித்துப் பார்த்துக் குறையைச் சொல்வேன். குறை இல்லாத இடத்தில் குறை சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆறாவது ஞாயிறு இருமல் வந்தது. எட்டாவது வாரம் மூச்சில் விசில் சத்தம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பது. பேக்கரி என்றதும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. மாவுத் தூசி. ரொட்டி சுடுபவர்களுக்கு வருவதுதான் என்று ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, வேலையை விடச் சொன்னார். இரண்டாவது கேள்வி கேட்காத மருத்துவர்களைத்தான் ஜனங்கள் கைராசிக்காரர் என்கிறார்கள்.

பதினெட்டு வருடம் பார்த்த வேலை. கடைசி நாள் பேக்கரிக்காரர்கள் அவர் பெயரை எழுதி ஒரு பெரிய ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட மனமில்லாமல் சமையலறையில் வைத்துக்கொண்டு நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பல்பொருள் கடையில் தள்ளுவண்டிகளை ஒழுங்குபடுத்துகிற வேலைக்குப் போனார். அங்கேயும் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு.

வேலையை விட்டும் இருமல் நிற்கவில்லை. என் தங்கை படிக்காதவள் என்றாலும் கணக்குப் போடத் தெரிந்தவள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏண்ணா, வெள்ளி சனி எல்லாம் நல்லாத்தான் இருக்காரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா இழுக்குது. உங்க மருந்து வாடை ஏதாவது ஒத்துக்கலையோ?"

"டாக்டர்கிட்ட கேளும்மா."

"அவரு மாவுங்கிறாரே. நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணா. நான் சொன்னா சிரிக்கிறாரு. உங்க பேச்சுன்னா கேப்பாரு. அந்த வேலையை விடச் சொல்லுங்க. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா?"

"அவருக்குப் பிடிச்சிருக்கு, செய்யிறாரு. நான் எப்படி வேண்டாங்கிறது?"

நான் சொன்னால் அவர் நிறுத்தியிருப்பார். அது எனக்குத் தெரியும். அவள் கேட்டபோதும் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர் ஏறி வந்தபோது பன்னிரண்டு படியில் இரண்டு இடத்தில் நின்றார். எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினான்காவது ஞாயிறு. மணி மூன்று இருக்கும். இருவரும் அவரவர் மேசையில், இருவர் முகத்திலும் கவசம். நான் எனக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டாம் எண் வடிகட்டிகளை அன்று காலைதான் மாட்டியிருந்தேன். அவர் கைகூப்பினார். முதல் பூச்சு அடித்தார். காயவிட்டார். இரண்டாவது. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கை முதல்முறையாகச் சீராகப் போயிற்று. காரின் நீளத்துக்கு ஒரே இழுப்பு, நடுவில் தயக்கம் இல்லை. மூன்றாவதை ஈரமாக, தாராளமாக அடித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

"மச்சான்," என்றார். "வந்துருச்சு மச்சான்."

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கூரையில் மேலிருந்த விளக்கு வளையாமல் அப்படியே தெரிந்தது.

அவர் கவசத்தைக் கழற்றினார். சிரிக்கத்தான் கழற்றினார் என்று நினைக்கிறேன். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறின. சட்டைப்பையைத் தடவினார், இன்ஹேலர் கீழே சமையலறையில் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். பேச்சு வரவில்லை.

இறுக வைக்கும் திரவம் கலந்த பூச்சைக் காற்றுத் துப்பாக்கியில் விட்டுவைக்கக் கூடாது. கல்லாகிவிடும், துப்பாக்கியையே தூக்கிப் போட வேண்டியதுதான். அவர் கையிலிருந்து நழுவியதை எடுத்தேன். கிண்ணத்தைக் காலி செய்தேன். ஊசியை உருவித் துடைத்தேன். முனையைக் கழற்றித் தின்னரில் போட்டு, தூரிகையால் உள்பக்கம் தேய்த்து, மறுபடி பூட்டினேன். சுத்தமாகச் செய்தால் ஏழு நிமிடம். நான் எப்போதும் சுத்தமாகச் செய்வேன். பாட்டில் ஒன்றையும் இரண்டையும் மூடி அலமாரியில் வைத்தேன். பிறகு படியிறங்கிப் போய்த் தங்கையைக் கூப்பிட்டேன்.

அவள் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கார்மேல் புழுதி விழாமல் இருக்க ஒரு கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். எப்போது கவிழ்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தபோதாக இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நீங்கள் கெட்டிக்காரத்தனமாக என்னைப் பிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர், வேலை தவிர வீட்டில் என்ன செய்வார் என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்டார். உங்கள் ஆட்கள் மாடிக்கு வந்தார்கள். தகர டப்பாவைத் திறந்தார்கள். ஒன்றிலிருந்து இருபது வரை இருக்க வேண்டிய வரிசையில் பதினொன்றும் பன்னிரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட்டு இருந்தது. 'மாப்பிள்ளையிடம்' என்று என் கையெழுத்தில், தேதியோடு. எரித்திருக்கலாமே என்று அந்தக் காவலர் கேட்டார். எடுத்த இடத்தில் குறிப்பு வைக்காமல் இருக்க என்னால் முடியாது. அவருக்கு அது புரியாது. மூடி இல்லாத பேனாக்காரர்.

சங்கத்துக் கிழவரிடம் நீங்கள் என் காரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். பக்கக் கண்ணாடி ஒட்டியிருப்பது வெள்ளைப் பசையால், ஈரத்துணி பட்டதும் கரைந்தது என்கிறார். வெள்ளை பூக்கத் தொடங்கியிருப்பது முன்பலகைக்கு அடியில், பிரேக் மிதிக்குப் பக்கத்தில். மூடிய காருக்குள் வெளியிலிருந்து யார் விரலும் அங்கே போகாது என்கிறார். உண்மைதான், கண்காட்சிக்கு முந்தைய நாள் இரவு அந்த மிதி கழன்று வந்தது. உடனடிப் பசையில் ஒரு துளி வைத்து ஒட்டினேன். காய நேரம் கொடுக்காமல் கதவுகளைச் சாத்தியிருக்கலாம். எனக்கு அது நினைவில்லை. எப்படியும் என் காரைத் தொடும் முன் அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைப் பசையோ வேறு பசையோ, அது பிறகு வருகிற பேச்சு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வடிகட்டி முடிந்துபோனது என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆவி என்ன செய்யும் என்று தெரிந்துதான் ஜன்னலை மூடச் சொன்னேன். பதினான்கு ஞாயிறும் தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஏழு நிமிடம் உட்பட. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. நேற்று என் தங்கை பார்க்க வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, தணிந்த குரலில்தான் பேசினாள்.

"அவருக்குக் காருன்னாலே பிடிக்காதுண்ணா. அந்தச் சாய வாடைக்கு ஆரம்பத்துலருந்தே தலைவலிதான். நானே கேட்டேன், எதுக்குப் போறீங்கன்னு. 'உங்கண்ணன் ஒரு வாரம் பூரா யார்கிட்டயும் வாயத் தொறந்து பேசறதில்ல. ஞாயித்துக்கிழமையாவது பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருக்கட்டுமே'ன்னாரு. அதுக்குத்தாண்ணா மேல வந்தாரு. மூணு வருஷம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடம், மேடம். ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, பிடிக்காத ஒன்றைப் பிடித்தது போல அவர் நடித்திருக்கிறார். முப்பத்தொரு காருக்கும் போட்ட அடேயப்பா முழுக்கப் பொய். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. நீங்கள் எழுதியதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், ஒன்றுகூட இருக்காது. எங்கள் இரண்டு பேரில் ஏமாந்தவன் யார் என்பதையும் அந்தக் காகிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.